நாடி மாறிப் பிறந்த குழந்தை: மூதூரிலிருந்து கொழும்பு வரை ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் ஆண் குழந்தை திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய நாடிகளும் (தமனிகளும்) ஒன்றின் இடத்தில் மற்றது இருக்க, இடம் மாறிப் பிறந்தான். சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். பத்தில் ஒன்பது பேர் முதல் பிறந்தநாளைக் காண மாட்டார்கள். இவனுக்கு இப்போது ஒன்றே கால் வயது, நடக்கிறான்.

சத்திரசிகிச்சை கொழும்பில் நடந்தது. இப்படியொரு குழந்தை பிழைத்தால் எல்லோரும் பேசுவது அந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றித்தான், அதில் தவறும் இல்லை. ஆனால் இங்கே நான் அதிகம் எழுதப்போவது அதற்கு முந்தைய பதினைந்தரை மணித்தியாலத்தைப் பற்றி. குழந்தை எந்த நிலையில் சத்திரசிகிச்சை நிபுணரின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை மூதூரிலும் கிண்ணியாவிலும் திருகோணமலையிலும் வேலை செய்கிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். விசேட சிகிச்சை கொழும்பில் தொடங்குகிறது என்ற எண்ணம் எங்கள் மத்தியிலேயே ஊறிப்போய்க் கிடக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டேன்.

பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிறப்பும் முதல் நாளும்

தாய்க்கு 27 வயது, இது இரண்டாவது பிள்ளை. கர்ப்ப காலத்தில் கிளினிக் எதையும் தவறவிடவில்லை. நீரிழிவு இல்லை, இரத்த அழுத்தம் சரி. நடுக் கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளும் சரியாகத் தெரிகின்றன என்று எழுதப்பட்டிருந்தது. அது பிழையான அறிக்கை அல்ல. இந்த நோயில் நான்கு அறைகளும் சரியாகத்தான் இருக்கும். கோளாறு இருப்பது அறைகளிலிருந்து வெளியே புறப்படும் நாடிகளில். ஸ்கேன் செய்கிறவர் கருவியைக் கொஞ்சம் மேலே சாய்த்து, பெருநாடியும் நுரையீரல் நாடியும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றனவா, அல்லது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நேராக ஓடுகின்றனவா என்று பார்த்தால்தான் பிடிபடும். அதற்குப் பயிற்சி வேண்டும், நேரமும் வேண்டும். ஒரு காலை கிளினிக்கில் வரிசையாகத் தாய்மார் காத்திருக்கும்போது நேரம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

38 கிழமையில் சுகப் பிரசவம், வீட்டுக்கு அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில், காலை 6.40 மணிக்கு. நிறை 3.1 கிலோ. பிறந்ததும் அழுதான், பால் குடித்தான், சிறுநீர் கழித்தான். மார்பில் குழல் வைத்துக் கேட்டபோது எந்த முணுமுணுப்பும் இல்லை. நாடி மாறிய குழந்தைகள் பலர் இப்படித்தான் பிறக்கிறார்கள்: நிறைமாதம், நல்ல நிறை, பெரும்பாலும் ஆண், பார்வைக்குக் குறையே இல்லை.

அன்று மாலை அம்மம்மாதான் முதலில் சொன்னார். "பிள்ளைட சொண்டு கறுத்துக் கிடக்கு மிஸ். மூத்தவன் இப்பிடி இருக்கேல்ல." அழுது களைத்ததால் இருக்கும், விசிறிக் காற்றுக் குளிரால் இருக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். விடுதித் தாதி அப்படிச் சொல்லவில்லை. "விடிய வீட்டுக்கு விடுறதுக்கு முதல் ஒட்சிசன் பாக்கத்தானே வேணும் அம்மா, அப்ப வடிவாப் பாப்பம்" என்று சொல்லி, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்தார். இரவில் ஒரு தடவை வந்து பார்த்தபோது குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கண்ணால் நீலத்தைப் பிடிப்பது நாம் நினைக்கிற அளவுக்கு எளிதல்ல. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறாத ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 5 கிராம் சேர்ந்தால்தான் நிறம் தெளிவாகத் தெரியும். பிறந்த குழந்தையில் அந்தக் கட்டத்துக்கு வரும்போது ஒட்சிசன் செறிவு 80 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கும். நம்முடைய தோல் நிறத்தில், இரவு விடுதியின் மின்குமிழ் வெளிச்சத்தில், அது இன்னும் கடினம். உதட்டையும் நாக்கையும் பார்த்த அம்மம்மா சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

காலில் வைத்த சென்சர்

மறுநாள் அதிகாலை 5.30. குழந்தை பிறந்து 24 மணித்தியாலம் ஆகப்போகிறது. தாதி பல்ஸ் ஒக்சிமீற்றரின் சென்சரை முதலில் வலது கையிலும் அப்புறம் காலிலும் சுற்றினார். கையில் 83, காலில் 85. குழந்தை அழவில்லை, கால் குளிர்ந்திருக்கவில்லை, திரையில் அலை சீராக ஓடியது. பக்கத்து விடுதியிலிருந்து இன்னொரு கருவியைக் கொண்டுவந்து பார்த்தார். அதே எண்கள்.

இந்தச் சோதனையின் விதி எளிது. கையிலோ காலிலோ 95 அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டுக்கும் இடையில் 3க்கு மேல் வித்தியாசம் இல்லாவிட்டால் குழந்தை தேறிவிட்டது. எதிலாவது 90க்குக் கீழே போனால் காத்திருக்கத் தேவையில்லை, உடனே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். நடுவில் விழுந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வலது கையைத்தான் எடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வலது கைக்குப் போகும் நாடி, கருவில் இரண்டு பெரு நாடிகளையும் இணைத்திருந்த பிறவிக் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. காலுக்குப் போகும் இரத்தம் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் உள்ளே எங்கே கலப்பு நடக்கிறது என்பது தெரியும்.

ஒக்சிமீற்றரின் அடிப்படைத் தத்துவத்தை 1974 இல் வெளியிட்டவர் தகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியியலாளர். பிறந்த குழந்தைகளின் இதயக் கோளாறைப் பிடிக்க இதை எல்லாக் குழந்தைகளிலும் பயன்படுத்தலாம் என்பது பிறகு பல்லாயிரக்கணக்கான குழந்தைகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2012 இல் அந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆபத்தான பிறவி இதய நோயுள்ள குழந்தைகளில் நாலில் மூன்று பேரை இந்தச் சோதனை பிடிக்கிறது என்றும், சுகமான குழந்தையைத் தவறாகச் சந்தேகிப்பது ஆயிரத்தில் ஓரிரண்டு பேரில்தான் என்றும் தெரிந்தது. அப்படிச் சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளிலும் பலருக்குக் கிருமித்தொற்றோ நுரையீரல் பிரச்சினையோ இருக்கும், ஆகவே அந்தப் பரிசோதனையும் வீண் போவதில்லை.

பிடிக்காமல் விடும் அந்த நாலில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெருநாடி குறுகிய குழந்தைகள் பலர் இந்தச் சோதனையில் தேறிவிடுவார்கள். அதனால் தொடை மடிப்பில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பதை விடக்கூடாது. கறுத்த தோலில் கருவி சில வேளை உண்மையைவிடச் சற்றுக் கூடிய எண்ணைக் காட்டும் என்பதும் இப்போது தெரிந்த விஷயம். 94ஐப் பார்த்து "கிட்டத்தட்ட 95 தானே" என்று விடுவது நம்முடைய பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

வைத்தியர் வந்து ஒட்சிசன் கொடுத்தார். பத்து நிமிடத்துக்குப் பிறகும் 86ஐத் தாண்டவில்லை. நெஞ்சு எக்ஸ்றேயில் நுரையீரல் தெளிவாக இருந்தது. நுரையீரல் நோயென்றால் ஒட்சிசன் கொடுத்தபோது எண் நன்றாக ஏறியிருக்கும், மூச்சும் சிரமப்பட்டிருக்கும். இவன் கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டானே தவிர, நெஞ்சுக்குழி உள்ளே இழுபடவில்லை. சுகமாகத் தெரிகிற நீலக் குழந்தை என்றால் இதயத்தை நினை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். அங்கிருந்து திருகோணமலையிலுள்ள எங்கள் சிசு பராமரிப்புப் பிரிவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.

உள்ளே நடப்பது என்ன

சாதாரணமாக வலது இதயவறையிலிருந்து (கீழறை) இரத்தம் நுரையீரலுக்குப் போய், ஒட்சிசன் ஏற்றிக்கொண்டு இடது சோணையறைக்கு (மேலறை) வந்து, இடது இதயவறையிலிருந்து பெருநாடி வழியாக உடம்புக்குப் போகும். ஒரு சுற்று முடிந்து மற்றதில் சேரும். நாடிகள் இடம் மாறினால் பெருநாடி வலது இதயவறையிலிருந்து புறப்படும். உடம்பிலிருந்து வந்த ஒட்சிசன் குறைந்த இரத்தம் நுரையீரலையே காணாமல் உடம்புக்குத் திரும்பும். ஒட்சிசன் ஏறிய இரத்தமோ நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடையிலேயே சுற்றும். மூதூர் பஸ் மூதூரையே சுற்றிவர, கந்தளாய் பஸ் கந்தளாயையே சுற்றிவர, பஸ் மாறி ஏற ஒரு சந்திகூட இல்லாத நிலை.

அப்படியானால் இந்தக் குழந்தை ஒரு நாள் எப்படி உயிரோடு இருந்தான்? கருவில் எல்லோருக்கும் இருக்கும் இரண்டு வழிகள் பிறந்த பிறகும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். ஒன்று சோணையறைகளுக்கு இடையிலுள்ள துளை, மற்றது இரண்டு பெரு நாடிகளையும் இணைக்கும் பிறவிக் குழாய். அவற்றின் ஊடாகக் கொஞ்சம் இரத்தம் கலந்தது. பிறவிக் குழாய் முதல் இரண்டு மூன்று நாட்களில் தானாக மூடிக்கொள்ளும். சுகமான குழந்தைக்கு அது நல்லது, இவனுக்கு அது முடிவு. நேற்றைக்கு நன்றாகப் பால் குடித்த பிள்ளை இன்றைக்கு வீட்டில் திடீரெனச் சோர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். சுகப் பிரசவமென்றால் ஒரு நாளில் வீட்டுக்கு விடுகிற வழக்கமும், குழாய் மூடத் தொடங்கும் நேரமும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே வீட்டுக்கு விடுவதற்கு முன் அந்த ஐந்து நிமிடச் சோதனையைத் தவறவிடுவதற்கு எந்தச் சாட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

திருகோணமலையில் ஆறு மணித்தியாலம்

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை இந்தப் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வர 'பாதை' என்ற மிதவையில் ஏறித் துறையைக் கடக்க வேண்டும், அல்லது கொட்டியாரக் குடாவில் படகு. அந்தக் காலத்தில் இரவில் சோர்ந்துபோன பிள்ளைகளைக் கொண்டுவந்த கதைகள் இங்கே பல வீடுகளில் உண்டு. மருத்துவ முன்னேற்றம் என்று எழுதும்போது ஒரு பாலத்தை யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்.

காலை 8.30க்குச் சிசு பராமரிப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்தான். அப்போது செறிவு 76. இரத்த வாயுப் பரிசோதனையில் ஒட்சிசன் அழுத்தம் 28 மி.மீ. பாதரசம், பி.எச் 7.24, லக்ரேற் (ஒட்சிசன் போதாதபோது இரத்தத்தில் கூடுவது) 5.8. குழாய் மூடத் தொடங்கிவிட்டது, உடல் அமிலத்தைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நேரம் இங்கேதான் முக்கியம். எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) செய்து நோயை உறுதிப்படுத்திவிட்டு, குழாயைத் திறந்து வைக்கும் மருந்தைத் தொடங்குவோமா, இப்போதே தொடங்குவோமா? பிறந்து சில நாட்களான குழந்தை, ஒட்சிசன் கொடுத்தும் ஏறாத நீலம், தெளிவான நுரையீரல். இவ்வளவும் இருந்தால் புரோஸ்ரகிளன்டினைத் தொடங்க எக்கோவுக்காகக் காத்திருக்கக்கூடாது. குழந்தைநல வைத்திய நிபுணர் வாசலில் நின்றபடியே சொன்னது ஒரே சொல்: "தொடங்குங்கோ." கிருமித்தொற்றும் இப்படித் தோற்றம் காட்டலாம் என்பதால் இரத்தம் எடுத்துவிட்டு நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்த்துத் தொடங்கினோம்.

புரோஸ்ரகிளன்டின் பிறவிக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் மருந்து. சின்ன அம்பியூல், பிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். 500 மைக்ரோகிராம் கொண்ட ஓர் அம்பியூலை 50 மில்லிலீற்றர் குளுக்கோஸ் கரைசலில் கலந்தால் ஒரு மில்லிலீற்றரில் 10 மைக்ரோகிராம். 3.1 கிலோக் குழந்தைக்கு நிமிடத்துக்கு, கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் என்றால் சிரிஞ்ச் பம்ப்பில் மணித்தியாலத்துக்கு 0.93 மில்லிலீற்றர். கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பம்ப் ஓடியது. தசம புள்ளி ஓர் இடம் தள்ளினால் பத்து மடங்கு போய்விடும். கலவைக் கணக்கை எழுதி அந்த பிரிட்ஜின் கதவிலேயே ஒட்டி வைத்திருப்பது எங்கள் மூத்த தாதியின் ஏற்பாடு. அவசரத்தில் புத்தகம் தேடவேண்டிய தேவையில்லை. இந்த மருந்துக்கென்று தனியாக ஓர் ஊசிவழி, அது கழன்றால் உடனே மாற்ற இரண்டாவது வழி ஒன்று. உடம்பில் இது நிமிடங்களில் கரைந்து போகும் என்பதால் பம்ப் நிற்கக்கூடாது.

நாற்பது நிமிடத்தில் செறிவு 84க்கு வந்தது. இந்த நோயில் 75 முதல் 85 வரை இருந்தால் போதும். 100ஐத் துரத்துவதில் பயனில்லை, தேவைக்கு மிஞ்சிய ஒட்சிசன் குழாயைச் சுருக்கவும் கூடும். ஒட்சிசனைக் குறைத்துவிட்டு லக்ரேற்றையும் சிறுநீரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியத்துக்குள் லக்ரேற் 2.9க்கு இறங்கியது.

மருந்துக்கு விலையும் உண்டு: காய்ச்சல், தோல் சிவத்தல், இரத்த அழுத்தம் இறங்குதல். எல்லாவற்றிலும் பயங்கரமானது மூச்சு நிற்பது. இவனுக்கு இரண்டாவது மணித்தியாலத்தில் ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை மூச்சு நின்றது. உள்ளங்காலைத் தட்டியதும் திரும்ப மூச்சு விட்டான். மருந்தை 0.02க்குக் குறைத்தோம். குழாய் திறந்துவிட்ட பிறகு அதைத் திறந்தபடி வைத்திருக்கச் சிறிய அளவே போதும்.

இதற்கிடையில் எக்கோ. எங்கள் நிபுணர் இதயத்துக்கென்று தனிப் பயிற்சி பெற்றவரல்ல, ஆனாலும் பிறந்த குழந்தையின் நெஞ்சில் கருவியை வைத்து இரண்டு நாடிகளும் நேராகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைக் கண்டுபிடித்தார். வீடியோவைக் கைபேசியில் கொழும்பிலுள்ள சிறுவர் இதய நிபுணருக்கு அனுப்பினார். பதில் வந்தது: பெரு நாடிகள் இடம் மாறியிருக்கின்றன, இதயவறைச் சுவரில் துளை இல்லை, சோணையறைத் துளை மிகச் சிறியது, இன்றைக்கே அனுப்புங்கள். துளை சின்னது என்பதுதான் அவசரத்தின் காரணம். குழாய் திறந்திருந்தாலும் கலப்பு போதாமல் போகலாம்.

பெற்றோரிடம் பேசியது ஜன்னலோரத்தில், ஒரு தாளில் படம் வரைந்து. தகப்பன் கடற்றொழில் செய்கிறவர். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப குழாய் மாறிக் கொழுவுப்பட்டிருக்கு, அதத் திருப்பிக் கொழுவுறாங்க, அப்பிடித்தானே டொக்டர்?" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. தாய் கேட்டது வேறு. "நான் ஏதும் சாப்பிட்டதால இப்பிடியா?" இல்லை. கருவின் முதல் இரண்டு மாதத்துக்குள் இதயம் உருவாகும்போது நடப்பது இது. பெரும்பாலான குடும்பங்களில் காரணம் இன்னதென்று கைகாட்ட முடியாது. அவர் சாப்பிட்டதோ நடந்ததோ தூக்கியதோ காரணமில்லை என்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொன்னேன். மாமியார் பக்கத்தில் நிற்கும்போதும் ஒரு தடவை சொன்னேன், அது வேண்டுமென்றே.

ஏ-6 வீதியில்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஆறு மணித்தியாலத்துக்கு மேல். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிகள் வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுவருவதற்கானவை. இது வைத்தியசாலையிலிருந்து வைத்தியசாலைக்குப் போகும் பயணம், வேறு ஏற்பாடு.

புறப்படுவதற்கு முன் நாங்கள் வாதாடிய ஒரே விஷயம் செயற்கைச் சுவாசம். சிறிய அளவு மருந்தில், தானாக நன்றாக மூச்சு விடும் குழந்தையைச் சுவாசக் குழாய் போடாமல் அனுப்பலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. குழாய் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. ஆனால் இவனுக்கு இரண்டு தடவை மூச்சு நின்றிருக்கிறது. ஹபரணைக் காட்டுப் பகுதியில் ஓடுகிற வண்டிக்குள் மூன்றாவது தடவை நின்றால் குழாய் போடுவது எப்படியிருக்கும் என்று யோசித்தோம். பயணம் குறுகியதாக இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டோம். போட்டுக் கொண்டுபோக முடிவெடுத்தோம். இதே நோயுள்ள இன்னொரு பிள்ளைக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம்.

பிற்பகல் 2.30க்கு வண்டி புறப்பட்டது. இன்கியூபேற்றர், உதவிக்கு இன்னொரு சிரிஞ்ச் பம்ப், கலந்து வைத்த மருந்து இன்னொரு சிரிஞ்ச், கணக்குப் போட்ட அளவின் இரு மடங்கு ஒட்சிசன். வழியிலுள்ள வைத்தியசாலைகளுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். சாரதி அனுபவசாலி. பொழுது படுவதற்குள் யானை கடக்கும் பகுதியைத் தாண்டிவிட வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. தம்புள்ளையில் நிறுத்திச் சுவாசக் குழாயின் இடத்தையும் இரத்தச் சர்க்கரையையும் பார்த்தார்கள். தாய் பிரசவித்து இரண்டாவது நாள், வண்டியில் இருந்தே வந்தார். சிங்களம் சரியாகத் தெரியாத குடும்பம் என்பதால், நோய், மருந்து, அடுத்து நடக்கப்போவது எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் எழுதிய ஒரு தாளும், எந்த நேரமும் எடுக்கக்கூடிய எங்கள் பிரிவு இலக்கமும் தகப்பனின் சட்டைப் பையில் இருந்தன. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒவ்வொரு இடமாற்றத்திலும் இதைச் செய்ய வேண்டும்.

இரவு 9 மணிக்குக் கொழும்பில் ஒப்படைத்தார்கள். செறிவு 80, உடல் சூடு சரி, லக்ரேற் 2.4.

பலூனும் சத்திரசிகிச்சையும்

அன்றிரவே கட்டிலருகில் வைத்து, எக்கோவில் பார்த்தபடி, தொப்புள் நாளத்தின் ஊடாக ஒரு மெல்லிய குழாய் இதயத்துக்குள் போனது. சோணையறைச் சுவரைத் தாண்டியதும் நுனியிலுள்ள பலூனை ஊதி, வெடுக்கென்று இழுத்தார்கள். துளை பெரிதானது. சில நிமிடத்தில் செறிவு 88. மறுநாள் புரோஸ்ரகிளன்டினை நிறுத்த முடிந்தது.

இந்தப் பலூன் முறையை 1966 இல் அமெரிக்காவில் வில்லியம் றாஷ்கின்ட் அறிமுகப்படுத்தினார். நெஞ்சைத் திறக்காமல் இதயத்துக்குள் செய்த சிகிச்சைகளில் மிக முந்தியவற்றில் ஒன்று அது. புரோஸ்ரகிளன்டினை இதயக் குழந்தைகளுக்குக் கொடுத்த முதல் அறிக்கைகள் 1975, 1976 இல் வந்தன. நாடிகளையே திருப்பிப் பொருத்தும் சத்திரசிகிச்சையை 1975 இல் பிரேசிலில் அடிப் ஜட்டேனே வெற்றிகரமாகச் செய்தார். அதற்கு முன் செனிங், மஸ்ரர்ட் ஆகியோரின் முறைகளில் சோணையறைகளுக்குள் இரத்தத்தைத் திசைதிருப்பி விடுவார்கள். உயிர் பிழைக்கும், ஆனால் உடம்பு முழுவதற்கும் இரத்தம் தள்ளும் வேலை வலது இதயவறையிலேயே இருந்துவிடும், பல வருடத்தில் அது களைத்துப் போகும். ஜட்டேனேயின் முறையில் இடது இதயவறை தன் வேலையைத் திரும்பப் பெறுகிறது. கடினமான பகுதி பெரு நாடிகளை வெட்டி மாற்றுவது அல்ல. இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலமுள்ள முடியுரு நாடிகளை அவற்றின் அடிப்பகுதியோடு வெட்டி எடுத்துப் புதிய இடத்தில் முறுக்காமல் தைப்பதுதான். இன்றைக்கு நல்ல நிலையங்களில் 100இல் 95க்கு மேல் குழந்தைகள் இதில் பிழைக்கிறார்கள்.

ஒக்சிமீற்றர், மருந்து, பலூன், சத்திரசிகிச்சை. நான்குக்கும் மூலம் 1966க்கும் 1976க்கும் இடைப்பட்ட பத்து வருடம். இந்தப் பிள்ளையின் தாத்தா காலத்திலேயே உலகத்தில் இருந்தவை. புதிதாக நடந்திருப்பது, அவற்றில் முதல் இரண்டும் நம்முடைய கரைக்கு வந்து சேர்ந்தது.

சத்திரசிகிச்சை பத்தாவது நாள் நடந்தது. முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் செய்வது நல்லது, பிந்தினால் குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய இடது இதயவறை பலம் இழந்துவிடும். நெஞ்செலும்பை இரண்டு நாள் கழித்தே மூடினார்கள், வீக்கம் வற்றட்டும் என்று. நாலாம் நாள் சுவாசக் குழாய் எடுக்கப்பட்டது. 26ஆவது நாள் எங்கள் பிரிவுக்குத் திரும்பி வந்து, தாய்ப்பால் பழகி, வீடு போனான். பிறந்ததிலிருந்து அதுவரை குடும்பத்திடம் சிகிச்சைக்கென்று ஒரு சதமும் வாங்கப்படவில்லை. போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் தகப்பன் கடலுக்குப் போகாத நாட்களுக்கும் ஆன செலவு வேறு கணக்கு. கிராமத்து மீனவர் சங்கம் கொஞ்சம் கொடுத்தது.

இரிஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலையை எங்கள் பகுதித் தாய்மாருக்கு "பொரளை ஆஸ்பத்திரி" என்றே தெரியும். நாடு முழுவதிலுமிருந்து இதயக் குழந்தைகள் வரும் இடம் அது. அங்கே இதயத்துக்கும் அதிதீவிர சிகிச்சைக்கும் புதிய கட்டடம் எழுப்ப 'லிட்டில் ஹார்ட்ஸ்' என்ற பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். சின்னச் சின்னத் தொகையாகச் சனங்கள் கொடுத்தார்கள். கட்டில்கள் கூடினால் அதன் பயன் முதலில் தெரிவது எங்களைப் போன்ற தூர மாவட்டங்களில், இடம் கேட்டுத் தொலைபேசியில் நிற்கிறவர்களுக்குத்தான்.

எது இருந்தது, எது இன்னும் வேண்டும்

இந்தக் குழந்தைக்கு எல்லாம் சரியாக அமைந்தது. ஓர் அம்மம்மா உதட்டைப் பார்த்தார், ஒரு தாதி அதைக் குறித்து வைத்தார், கருவி வேலை செய்தது, மருந்து பிரிட்ஜில் இருந்தது, கொழும்பில் ஒரு நிபுணர் கைபேசியை எடுத்தார், கட்டில் கிடைத்தது. இவற்றில் சில ஏற்பாடு, சில அதிர்ஷ்டம். அதிர்ஷ்டமாக இருப்பவற்றை ஏற்பாடாக மாற்றுவதுதான் எங்கள் வேலை.

முதலாவது, மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டை என்று எங்கே பிறந்தாலும் கை, கால் இரண்டிலும் ஒட்சிசன் பார்க்காமல் எந்தக் குழந்தையும் வீட்டுக்குப் போகக்கூடாது. எண்ணைக் கிளினிக் கார்ட்டில் எழுதித் தாயிடமே கொடுத்துவிட வேண்டும். தாய்க்கு அந்த எண்ணைக் கேட்கும் உரிமை இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் முதல் 10 நாட்களுக்குள் வீட்டுக்கு வரும்போது, கார்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்பட்டும்.

இரண்டாவது, புரோஸ்ரகிளன்டின். எப்போதாவது ஒரு தடவை தேவைப்படுகிற, திகதி முடிந்து எறியப்படுகிற மருந்து என்பதால் அதைக் குறைத்து வாங்கும் எண்ணம் எவருக்கும் வரக்கூடும். பாவிக்காமல் திகதி முடிந்த அம்பியூல் நட்டமல்ல. தீயணைப்பு வண்டி ஓடாத நாளை யாரும் நட்டமென்று எழுதுவதில்லை. மாவட்டத்துக்குள் யாரிடம் எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் ஒருவர் பார்த்து எழுதினால், திகதி நெருங்கியதைத் தேவைப்படும் இடத்துக்கு மாற்றலாம்.

மூன்றாவது ஸ்கேன். நாடிகள் புறப்படும் இடத்தையும் பார்க்கும் பயிற்சி கிடைத்தால், இப்படிப்பட்ட தாயைப் பிரசவத்துக்கு முன்பே கொழும்புக்கு அனுப்பலாம். குழந்தை தாயின் வயிற்றுக்குள்ளேயே பயணம் செய்யும். அதைவிடப் பாதுகாப்பான இன்கியூபேற்றர் எங்கேயும் கிடையாது. ஆனால் ஸ்கேன் எவ்வளவு முன்னேறினாலும் சிலர் தப்பிப் போவார்கள், காலில் வைக்கும் சென்சரின் தேவை குறையாது.

இப்போது

கடைசியாகப் பார்த்தபோது நிறை 9.2 கிலோ, செறிவு 98. தழும்பு மெல்லிய கோடாக இருக்கிறது. எக்கோவில் நுரையீரல் நாடியின் ஒரு கிளையில் சிறிய ஒடுக்கம். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அடிக்கடி காணப்படுவது அது, இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். முடியுரு நாடிகளையும் வளர்ந்த பிறகும் கவனிக்க வேண்டியிருக்கும். தடுப்பூசிகள் நேரத்துக்கு நடந்திருக்கின்றன.

மூளை வளர்ச்சியையும் விடக்கூடாது. பிறந்த முதல் நாட்களில் ஒட்சிசன் குறைந்து, அப்புறம் இதய நுரையீரல் இயந்திரத்தில் இருந்த பிள்ளைகளில் சிலருக்குப் பேச்சிலும் கவனத்திலும் கை வேலையிலும் சிறு சிரமங்கள் பிறகு தெரியவரும். இதயம் சரியாகிவிட்டது என்று கிளினிக்கை நிறுத்திவிட்டால் அவை பள்ளிக்கூடம் போகும் வரை பிடிபடாது. இவன் பத்து மாதத்தில் தவழ்ந்தான், பதினாலில் நடந்தான், இப்போது நாலைந்து சொல் சொல்கிறான். இரண்டு வயதில் பேச்சு மதிப்பீடும், முன்பள்ளிக்குப் போவதற்கு முன் முழு வளர்ச்சி மதிப்பீடும் செய்யத் திகதி குறித்திருக்கிறோம். எக்கோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.